அரங்கப் புகையும் ஆடுவோர் மூச்சும்

சில காலத்துக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கரையை அண்டிய ஓர் ஊரில், பாடசாலை மாணவர்கள் ஆடவிருந்த கூத்தொன்றின் ஒத்திகையைக் காண நாம் சென்றிருந்தோம். மண்டபத்தின் மேடையிலே வண்ண விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. மேடையின் ஓரத்தில், மடித்த சாக்கொன்றின் மேல், கரிய பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அரசன் கொலுவுக்கு வரும் கட்டம் வந்ததும் அப்பெட்டி ஒரு சீறல் சீறிப் புகையைக் கக்கிற்று. புகையினூடே சிவப்பும் நீலமுமாக ஒளிக்கற்றைகள் பாய்ந்தன. பார்த்திருந்த சிறுவர் கைகொட்டி ஆர்ப்பரித்தனர்.

ஆனால் அரசன் வேடம் பூண்ட மாணவனோ, தன் வரவுப் பாட்டின் இரண்டாம் அடியைத் தொடங்குமுன்னரே இருமத் தொடங்கினான். எண்ணெய் கருகினாற் போன்ற காரநெடி மண்டபமெங்கும் பரவியது. எமக்கும் கண்கள் கரித்தன. மத்தளம் நின்றது. அண்ணாவியார் தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல அந்தப் பெட்டிய நிப்பாட்டு மனே, புள்ள மூச்சு விடட்டும்" என்றார்.

அன்று மாலை அப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணம் விளங்கிற்று. மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினைக் கிணற்று நீரிற் கலந்து, மணத்துக்காகச் சிறிது பன்னீரும் சேர்த்து, உள்ளே ஊற்றியிருந்தனர். செய்தவர் கெட்ட எண்ணங் கொண்டவர் அல்லர். செலவைக் குறைக்க விரும்பியவர். அச்சிறு சிக்கனம் ஒரு பிள்ளையின் குரலை அடைத்ததோடு, விலையுயர்ந்த ஓர் இயந்திரத்தையும் முடக்கிவிட்டது.

இன்று கோயில் விழா, பாடசாலை விழா, திருமணக் கொண்டாட்டம் என எங்கும் இப்புகைப் பெட்டியைக் காண்கிறோம். அது எவ்வாறு இயங்குகிறது, ஏன் பழுதாகிறது, எவ்வாறு பேணுவது என்பவற்றை மாணவர்களும் பெற்றாரும் அறிந்திருத்தல் நன்று. ஆதலின் அதனைப் பற்றி இங்கு சிறிது விரிவாகக் கூற விழைகின்றோம்.

ஒளியைக் காட்டும் துணிக்கை

மேடைக்குப் புகை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை பௌதிகத்தில் இருக்கிறது. ஒளி செல்லும் பாதை தானாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. காலை வேளையில் ஓலைக் கூரையின் பொத்தலூடாக வெயில் நுழையும்போது, ஒரு கோல் நிறுத்தியது போல ஒளி தெரிகிறதன்றோ? நாம் காண்பது உண்மையில் ஒளியின் பாதையில் மிதக்கும் தூசியையே. தூசித் துணிக்கைகள் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. தூசியை முற்றாக அகற்றிய காற்றில் ஒளிக்கற்றை மறைந்து போகும் என்பதை, அயர்லாந்திற் பிறந்த பௌதிக அறிஞர் யோன் திண்டல் (1820-1893) என்பார் 1860களின் பிற்பகுதியில் சோதனைகளாற் காட்டினார். இச்சிதறலை இன்றும் 'திண்டல் விளைவு' என்றே பாடநூல்கள் வழங்குகின்றன.

அரங்கப் புகையின் வேலையும் இதுவே. மிக நுண்ணிய திரவத் துளிகளைக் காற்றிலே மிதக்கவிட்டால், விளக்கின் கற்றை ஒரு தூண் போலத் தெரியும். இத்துளிகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு அளவே பருமன் உடையவை.

புகை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. முதலாவது, முகில் போலத் திரளாக எழுந்து விரைவிற் கலையும் புகை. இதுவே நம்மூர்களில் 'ஸ்மோக் மெசின்' எனப்படும் பெட்டியிலிருந்து வருவது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதபடி மண்டபமெங்கும் மெல்லிதாகப் பரவி நெடுநேரம் நிற்கும் மென்புகை. இதற்கெனத் தனி இயந்திரம் உண்டு. அது சிறிது சிறிதாகத் துளிகளை உண்டாக்கி, விசிறியால் ஒரே சீராகப் பரப்பும். மூன்றாவது, உலர்பனிக்கட்டியைச் சுடுநீரில் இட்டுப் பெறும், தரையோடு தவழும் வெண்புகை. உலர்பனிக்கட்டி என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 78.5 பாகை செல்சியஸ். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்தது போலாகும். அதிலிருந்து எழும் வாயு காற்றிலும் கனமானது. பள்ளமான இடத்திலே தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆகையால் அது பிள்ளைகள் கையாளத் தக்கதன்று.

பந்தத்திலிருந்து பெட்டிக்கு

புகையும் ஒளியும் நம் கூத்துக்குப் புதியன அல்ல. வடமோடியாயினும் தென்மோடியாயினும், மட்டக்களப்புக் கூத்து வட்டக் களரியிலே, மக்கள் சுற்றியிருந்து காண, திறந்த வெளியில் இரவு முழுவதும் ஆடப்படுவது. களரிக்கு ஒளி தந்தவை முதலில் பந்தங்களும் எண்ணெய் விளக்குகளும். பின்னர் பெற்றோல்மாக்ஸ் விளக்குகள் வந்தன. எரியும் பந்தத்தில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சுவாலையும் புகையும் எழுப்பும் வழக்கம் தமிழர் கூத்துகளிலும் சடங்குகளிலும் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் அப்புகை வானத்தின் கீழ் எழுந்த புகை. வாடைக் காற்றோ கச்சான் காற்றோ அதனை வாவிக்கு அப்பால் கொண்டு போய்விடும். ஆடுவோன் அடுத்த சுற்று வருமுன் காற்றுத் தெளிந்துவிடும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைப் புதிய அரங்குக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' என அவர் மேடையேற்றிய கூத்துகள் விடியும்வரை ஆடப்படாமல், ஓரிரு மணி நேரத்துள் அடங்கின. வட்டக் களரியிலிருந்து, ஒரு புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏறின. 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பிலேயே அக்கூத்தை மீண்டும் மேடையேற்றினார். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று இளைஞர்கள் இசையும் நடனமும் நாடகமும் பயில்கின்றனர்.

மேடை மாறியபோது ஒளியும் மாறிற்று. பந்தத்தின் இடத்தை மின்விளக்கு பெற்றது. மின்விளக்கின் கற்றையைக் காட்டப் புகைப்பெட்டி வந்தது. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். களரிக்குச் சுவர் இல்லை. மண்டபத்துக்குச் சுவர் உண்டு. மண்டபத்திலே விட்ட புகை எங்கும் போகாது. ஆடுவோரும் பாடுவோரும் பார்ப்போரும் அதனையே சுவாசிக்கின்றனர்.

இங்கு கூத்தனின் நிலையைச் சிறப்பாகக் கருத வேண்டும். நாடக நடிகன் நின்று பேசுகிறான். நடனமாடுபவருக்கு வேறொருவர் பாடுகிறார். கூத்தனோ தானே ஆடித் தானே பாடுகிறான். காலிற் சதங்கையும் உடலிற் கனமான உடுப்புமாகச் சுற்றிச் சுற்றி ஆடும்போது, அவன் மற்றவரிலும் பன்மடங்கு ஆழமாக மூச்சு வாங்குகிறான். மண்டபத்துப் புகையில் மிகுந்த பங்கு அவன் நெஞ்சுக்குள்ளேயே செல்கிறது.

பெட்டியின் உள்ளே

இனி, இயந்திரம் வேலை செய்யும் முறையைக் காண்போம். வெப்பத்தால் இயங்கும் புகைப்பெட்டியில் நான்கு உறுப்புகள் இன்றியமையாதன: திரவத் தாங்கி, பம்பி, வெப்பமாக்கி, கூர்முனைக் குழல் என்பன.

தாங்கியிலுள்ள திரவத்தைச் சிறிய பம்பி உறிஞ்சி, வெப்பமாக்கிக்கு அனுப்புகிறது. வெப்பமாக்கி என்பது, உள்ளே நுண்குழாய் ஓடும் ஓர் உலோகக் கட்டி. அது 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகியிருக்கும். அதனுள் நுழையும் திரவம் கணப்பொழுதில் ஆவியாகிறது. ஆவி பன்மடங்கு விரிவடைவதால், தன் அழுக்கத்தாலேயே குழல் முனையைத் தாண்டிச் சீறி வெளிவருகிறது. வெளிக்காற்றின் குளிர்ச்சி பட்டதும் அது மீண்டும் நுண்துளிகளாக ஒடுங்குகிறது. நாம் புகையென்று காண்பது அத்துளிக்கூட்டமே. எனவே ஒழுங்காக இயங்கும் பெட்டியில் எதுவும் எரிவதில்லை. எரியும் மணம் வந்தால், ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி.

மென்புகை இயந்திரங்களிலும் இருவகை உண்டு. ஒரு வகை மேற்சொன்னவாறே நீரும் கிளைக்கோலும் கலந்த திரவத்தைச் சூடாக்கி, விசிறியாற் பரப்புவது. மற்றையது சூடேதும் இன்றி, அழுத்திய காற்றால் கனிய எண்ணெயை உடைத்து நுண்துளிகளாக்குவது. ஒன்றின் திரவத்தை மற்றொன்றில் ஊற்றலாகாது. எண்ணெயைச் சூட்டுப் பெட்டியில் ஊற்றினால் அது கருகிப் புகையும், தீப்பற்றவும் கூடும்.

எதை ஊற்றுவது?

முற்காலத்தில் பல நாடுகளின் அரங்கினர் நவச்சாரத்தைச் சூடாக்கியும் எண்ணெயை ஆவியாக்கியும் புகை உண்டாக்கினர். அவை தொண்டையை அரிப்பன. நச்சுத்தன்மை குறைந்த புகைத் திரவத்தை உருவாக்கியமைக்காக குந்தர் சைட் என்பாருக்கும் ரோஸ்கோ ஆய்வுக்கூடத்துக்கும், 1984ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கர் அறிவியல் தொழில்நுட்ப விருதுகளில் ஒன்று வழங்கப்பட்டது. திரைப்பட உலகம் ஒரு நடிகருக்குப் பரிசளிப்பது போல ஒரு திரவத்துக்கும் பரிசளித்தது என்றால், அதன் தேவை எத்துணை என்பது விளங்கும்.

இன்று விற்பனையாகும் திரவங்கள் பெரும்பாலும் தூய நீரில் புரொப்பிலீன் கிளைக்கோல், திரைஎதிலீன் கிளைக்கோல், கிளிசரின் முதலியவற்றை அளவறிந்து கலந்தவை. புரொப்பிலீன் கிளைக்கோல் ஏறத்தாழ 188 பாகையிலும், கிளிசரின் 290 பாகையிலும் கொதிப்பன. ஒவ்வோர் இயந்திரத்தின் வெப்பமும் அதற்குரிய திரவத்துக்கேற்பவே அமைக்கப்பட்டுள்ளது. பொருந்தாத கலவையை ஊற்றினால், ஒன்றில் அது ஆவியாகாமல் துளித்துளியாய்த் துப்பும்; அல்லது அளவு மீறிச் சூடேறிச் சிதையும். கிளிசரின் அவ்வாறு சிதையும்போது அக்குரோலீன் என்னும் காரப்பொருள் பிறக்கிறது. தாச்சியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்க வைப்பதும் இப்பொருளே. அன்று ஒத்திகையில் அம்மாணவனின் தொண்டையைப் பற்றிய நெடியும் இதுவே.

பெயர் ஒற்றுமையைக் கண்டு மயங்கவும் கூடாது. மோட்டார் வாகனங்களின் குளிர்நீரில் இடுவது எதிலீன் கிளைக்கோல். அது நஞ்சு. டைஎதிலீன் கிளைக்கோலும் நஞ்சே. 1937இல் அமெரிக்காவில் மருந்தொன்றை அதிற் கரைத்து விற்றதால் 100 பேருக்கு மேல் மாண்டனர். 'கிளைக்கோல்' என்ற சொல்லை மட்டும் கேட்டு, கையில் அகப்பட்டதை ஊற்றுவது பெருந்தவறு.

அடுத்தது நீர். வீட்டிலே கேத்தலின் அடியில் வெண்படை படிவதை நாம் காண்கிறோம். நீரிற் கரைந்துள்ள கல்சியம், மகனீசியம் முதலியவற்றின் உப்புகளே அவ்வாறு படிவன. கேத்தலை உரஞ்சிக் கழுவலாம். ஈர்க்கு நுழையாத நுண்குழாயை எவ்வாறு உரஞ்சுவது? கிணற்று நீரையோ குழாய் நீரையோ சேர்த்த பெட்டி சில இரவுகளுக்குள் அடைபடுவது இதனாலேயே. உற்பத்தியாளர் குறித்த திரவத்தை அப்படியே பாவிப்பதே சாலச் சிறந்தது. நீர் சேர்க்கும்படி அவர் கூறியிருந்தால், காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க வேண்டும்.

பழுதை அறிதல்

பெட்டி புகை தரவில்லையாயின் உடனே அதனைக் கழற்ற முற்படலாகாது. நாடி பார்க்கும் மருத்துவரைப் போல முதலிற் பார்க்கவும் கேட்கவும் வேண்டும்.

விளக்கு எரியவில்லை, பெட்டி சூடாகவில்லை என்றால், குறை மின்சாரப் பாதையில் இருக்கலாம்: கம்பி, உருகி, வெப்பக் காப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும். இங்கே ஒரு கணக்கையும் மாணவர்கள் செய்து பார்க்கலாம். 1500 வாற்று வலுவுள்ள பெட்டி, 230 வோல்ற்று மின்னில் ஆறரை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 5 அம்பியர் பிளக்கில் செருகினால் என்னாகும்? கம்பி சூடேறும், பிளக் உருகும். பல மண்டபங்களில் பழுதென்று எண்ணப்படுவது பெட்டியின் பழுதன்று. செருகிய இடத்தின் பழுது.

பெட்டி சூடாகிறது, ஆனால் ஆளியை அழுத்தினால் பம்பியின் 'கிர்' என்னும் ஒலி கேட்கவில்லை என்றால், பம்பிக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பம்பியே பழுதாகிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடி, நாவற்குடா போன்ற இடங்களில் உப்புக்காற்று ஓயாது வீசுகிறது. செம்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்து மின்னோட்டத்தைத் தடுப்பது இங்கு இயல்பு. பல வேளைகளில் அம்முனைகளைத் துப்புரவாக்கி இறுக்கினாலே பெட்டி உயிர் பெற்றுவிடும்.

பம்பி ஒலிக்கிறது, புகை இல்லை என்றால், தாங்கி வெறுமையா, உறிஞ்சு குழாய் வெடித்துள்ளதா, அதன் நுனியிலுள்ள வடியில் அழுக்குச் சேர்ந்துள்ளதா, குழாயிற் காற்றுக் குமிழ் புகுந்துள்ளதா என வரிசையாகப் பார்க்க வேண்டும். இவை யாவும் சரியாயின் வெப்பமாக்கியின் நுண்குழாயோ கூர்முனையோ அடைபட்டிருக்கும். திரவம் தீர்ந்தபின்னும் பெட்டியை ஓடவிடுவதே பம்பியைக் கொல்லும் முதற் காரணம். உராய்வைத் தணிப்பதும் குளிர்விப்பதும் அத்திரவமே ஆதலால், அஃதில்லாத பம்பி வெந்து போகும்.

புகைக்குப் பதிலாக ஈரத்துளிகள் துப்பப்பட்டால், பெட்டி போதிய அளவு சூடாகவில்லை, அல்லது குழாய் பாதி அடைபட்டுள்ளது என்று கொள்ளலாம்.

திருத்தும்போது காக்க வேண்டிய விதிகள் சில உண்டு. மின்னிணைப்பைக் கழற்றாமல் பெட்டியைத் திறத்தல் கூடாது. கழற்றியபின்னும், வெப்பமாக்கி ஆறுவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதன் சூடு தோலை உரித்துவிடும். சூடான முனையிலே கம்பியை நுழைத்துக் குடைதல் ஆகாது. உள்ளே தேங்கிய ஆவி முகத்தில் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பக் காப்பு அறுந்தால் அதனைத் தாண்டிக் கம்பி போட்டு இணைப்பது ஒருபோதும் செய்யத்தகாத செயல். அது அறுந்தது பெட்டியைக் காக்க மட்டுமன்று. மண்டபத்தைத் தீயிலிருந்து காக்கவுமே. மின்வேலை கற்றவரே பெட்டியின் உட்புறத்திற் கைவைக்க வேண்டும். மாணவர்கள் அருகிருந்து கற்றுக்கொள்ளலாம். மின் கசிந்தால் தானே துண்டிக்கும் 'ரிப் சுவிச்சு' உள்ள இணைப்பிலேயே பெட்டியை இயக்குதல் நன்று.

துப்புரவும் சேமிப்பும்

பழுது பார்ப்பதிலும் பழுது வராமற் காப்பதே எளிது. உற்பத்தியாளர் பலர், ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடியபின் பெட்டியைத் துப்புரவாக்கச் சொல்கின்றனர். சிலர் இதற்கெனத் தனித் திரவம் விற்கின்றனர். வேறு சிலர், காய்ச்சி வடித்த நீர் 80 பங்கும் வெள்ளை வினாகிரி 20 பங்கும் கலந்து சிறிது நேரம் ஓடவிடும்படி கூறுகின்றனர். வினாகிரியின் அமிலம் வெண்படையைக் கரைக்கும். ஆனால் உள்ளேயே தங்கிவிட்டால் உலோகத்தையும் அரிக்கும். எனவே பெட்டியுடன் வந்த கைந்நூல் அதனை அனுமதிக்கிறதா என்று பார்த்த பின்னரே பாவிக்க வேண்டும். பாவித்தபின் உரிய திரவத்தை ஓடவிட்டு அமிலத்தைப் போக்க வேண்டும். இவ்வேலையைத் திறந்த வெளியிலே செய்க.

பெட்டியைத் தூக்கிச் செல்லுமுன் தாங்கியை வெறுமையாக்குவது முறை. திரவம் சிந்தி மின்பகுதியை நனைத்தலே பயணத்தில் நேரும் பெருங்கேடு. மென்புகை இயந்திரத்தின் விசிறியிலும் அதன் பஞ்சு வடியிலும் படியும் தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். மாரி காலத்தில் மாதக்கணக்காக மூலையிற் கிடக்கும் பெட்டியை, மாதத்துக்கு ஒரு தரமேனும் சூடாக்கிச் சில நிமிடம் இயக்கினால் உள்ளே படிவு இறுகாது. நிலத்தில் வைக்காது பலகைமேல் வைத்தலும், ஈரம் படாது மூடுதலும் வேண்டும். கூத்து முடிந்ததும் சதங்கையை எண்ணிக் கட்டி வைக்கிறோம். மத்தளத்தை உறையிலிட்டு மாட்டுகிறோம். அந்தப் பேணுதலைப் புகைப்பெட்டிக்கும் காட்டுதல் தகும்.

மூச்சுக்கு ஓர் அளவு

நல்ல திரவமாயின் எவ்வளவும் விடலாமா எனில், விடலாகாது. அமெரிக்காவின் நாடக நடிகர் சங்கமும் அரங்க உரிமையாளரும் செய்வித்த ஆய்வொன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கிளைக்கோல் புகையாயின் ஒரு கன மீற்றர் காற்றில் 40 மில்லிகிராமை எக்கணமும் மீறக்கூடாது. கனிய எண்ணெயாயின் 25 மில்லிகிராமை மீறக்கூடாது என்பது அதன் பரிந்துரை. கனடாவில், அரங்குகளிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் பணியாற்றிய 101 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரையொன்று, புகைப்பெட்டிக்கு அண்மையில் நின்று வேலை செய்வோரின் நுரையீரற் செயற்பாடு குறைந்திருந்ததையும், கிளைக்கோல் புகையோடு இருமலும் தொண்டை வறட்சியும் தொடர்புற்றிருந்ததையும் காட்டிற்று.

நம் மண்டபங்களில் மில்லிகிராம் அளக்கும் கருவி இல்லை. ஆயினும் அறிவு உண்டு. பெட்டியை ஆடுவோர் முகத்துக்கு நேரே வைக்காது, பக்கத்திலோ பின்னாலோ தொலைவில் வைக்கலாம். புகை வெளியேறக் கதவு, யன்னல்களைத் திறந்து விடலாம். கூத்து முழுவதும் விடாது, கதை வேண்டும் இடத்தில் மட்டும் விடலாம். நுனியருகே துளிகள் சிந்தித் தரை வழுக்கும் ஆதலால், ஆடும் காலுக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கீழே துணி விரிக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே பெற்றாரிடம் கேட்டறிய வேண்டும். ஆடுவோரில் ஒருவர் இருமினாலும் நிறுத்துவதற்கு, ஆளியருகே பொறுப்பான ஒருவர் இருத்தல் வேண்டும்.

திறந்த களரியில் ஆடுவதாயின் காற்று வரும் திசையை முதலிற் பார்க்க வேண்டும். காற்று எதிராயின் எவ்வளவு திரவம் செலவிட்டும் பயனில்லை. புகை முழுவதும் பார்ப்போர் மேலேயே போகும்.

நாம் தொடக்கத்தில் கூறிய பாடசாலைக் கூத்து பின்னர் என்னாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பழைய கலவையைக் கொட்டி, றேடியோ திருத்தும் இளைஞர் ஒருவர் பெட்டியைத் துப்புரவாக்கினார். களிம்பேறிய இரு கம்பி முனைகளை மாற்றினார். உரிய திரவம் வாங்கப்பட்டது. அரங்கேற்றத்துக்கு முதல்நாள் மீண்டும் ஒத்திகை நடந்தது. பின்புற யன்னல்கள் திறந்திருந்தன. பெட்டி அடுத்தடுத்துச் சில கணங்கள் மட்டும், மெதுவாக இயங்கிற்று. அண்ணாவியார் மேடையை உற்றுப் பார்த்து, "எங்க மனே, புகையக் காணல்லியே?" என்றார். "இருக்கு அண்ணாவியார், வெளிச்சத்தப் பாருங்க" என்றார் இளைஞர். அப்போதுதான் அரசன் மீது சாய்ந்து விழுந்த பொன்னிற ஒளித்தூணை அவர் கண்டார். கண்டு ஒன்றும் சொல்லாமல் தாளத்தைக் கையிலெடுத்தார்.

மாணவன் தன் வரவுப் பாட்டை முழுவதும் பாடி ஆடினான். பார்த்திருந்த எவரும் புகையைப் பற்றிப் பேசவில்லை. பாட்டைப் பற்றியே பேசினர். புதிய கருவிகள் நம் மேடைக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். அவற்றை வாங்கப் பணம் தேடும் நாம், அவற்றைப் பேணும் அறிவையும் தேடிக்கொள்ள வேண்டும். கூத்து வாழ்வது பாடும் பிள்ளையின் மூச்சிலேயே என்பதை மேடைக்கு விளக்கும் புகையும் அமைப்போர் என்றும் நினைவிற் கொள்வாராக.